ஆறு விசைகளில் அயல்மொழி

பிரெஞ்சு வகுப்பு நடக்கிறது. பார்வையற்ற மாணவி ஒருத்தி மடியில் குறிப்பெடுக்கும் கருவியை வைத்துக்கொண்டு 'கஃபே' என்று எழுதுகிறாள். சி, ஏ, எஃப் மூன்றுக்கும் பிரெயில் புள்ளிகள் ஆங்கிலத்தில் எப்படியோ பிரெஞ்சிலும் அப்படியே. கடைசியில் வருவது தலைமேல் கோடு போட்ட ஈ. பிரெஞ்சு பிரெயிலில் அது ஆறு புள்ளிகளும் நிறைந்த கட்டம். ஆறு விசைகளையும் ஒருசேர அழுத்துகிறாள், இடைவெளி விசையைத் தட்டுகிறாள். கருவி தான் புரிந்துகொண்டதை உரக்கப் படிக்கிறது: 'காஃப்ஃபார்'.

அவள் விரலில் பிழை இல்லை. பிரெஞ்சு பிரெயில் தெரிந்த யாரும் அந்த நான்கு கட்டங்களைத் தடவி 'கஃபே' என்றுதான் படிப்பார்கள். ஆனால் அந்த நேரத்தில் கருவி, அடிக்கடி வரும் சொற்களையும் எழுத்துச் சேர்க்கைகளையும் சுருக்கி எழுதும் ஆங்கிலச் சுருக்க பிரெயிலில் இருந்தது. அங்கே ஆறு புள்ளிகள் நிறைந்த கட்டத்துக்கு 'ஃபார்' என்று பொருள். அவள் அழுத்தியது புள்ளிகளை. அவற்றை எழுத்தாக்கியது கருவி.

இந்த வகைக் கருவிகளின் விசை அமைப்புக்கு மூதாதை பெர்கின்ஸ் பிரெயிலர் என்ற தட்டச்சுப் பொறி. 1951இல் விற்பனைக்கு வந்தது. புள்ளி ஒன்றுக்கு ஒரு விசை என ஆறு விசைகள், நடுவில் இடைவெளி விசை. இடக்கையின் மூன்று விரல்களுக்கு 1, 2, 3. வலக்கையின் மூன்று விரல்களுக்கு 4, 5, 6. ஓர் எழுத்துக்கு வேண்டிய விசைகளை ஒன்றாக அழுத்தினால் ஒரு கட்டம் உருவாகும். 1987இல் டீன் பிளேஸியின் நிறுவனம் கொண்டுவந்த 'பிரெயில் அண்ட் ஸ்பீக்', 2000இல் வந்த 'பிரெயில்நோட்', கொரியாவில் உருவான 'பிரெயில்சென்ஸ்' எல்லாம் இந்த ஏற்பாட்டையே எடுத்துக்கொண்டன. முதலில் சொன்னது பேச மட்டும் செய்யும். பின்னவற்றில் விரலால் படிக்கத்தக்க பிரெயில் வரியும் உண்டு. ஊசிமுனைகள் எழுந்தும் தாழ்ந்தும் ஒரு நேரத்தில் 18 அல்லது 32 கட்டங்களைக் காட்டும்.

பெர்கின்ஸ் பொறிக்கு மொழி தெரியாது, தெரிய வேண்டிய தேவையும் இல்லை. தாளில் புள்ளி விழுந்தால் அதன் வேலை முடிந்தது. அந்தப் புள்ளி பிரெஞ்சா ஜெர்மனா என்பதைத் தடவிப் படிப்பவர் பார்த்துக்கொள்வார். குறிப்பெடுக்கும் கருவி அப்படி விட்டுவிட முடியாது. எழுதியதைப் பேசிக் காட்ட வேண்டும், மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும், பார்வையுள்ள ஆசிரியர் திறந்து படிக்கும் கோப்பாகச் சேமிக்க வேண்டும். ஆகவே புள்ளியிலிருந்து எழுத்துக்கு மாற்றும் ஓர் அட்டவணை அதற்குள் இருக்கிறது. பார்வையுள்ளவர் கணினியில் மொழியை மாற்றும்போது எந்த விசை எந்த எழுத்து என்பது மாறுகிறது. இங்கே விசைகளில் மாறுவதற்கு ஒன்றுமே இல்லை. உலகத்து மொழிகள் எல்லாவற்றுக்கும் அதே ஆறுதான். அட்டவணை மட்டும் மாறும். அது மாறியதா இல்லையா என்பது எழுதுகிற விரலுக்குத் தெரியாது.

ஆறு புள்ளிகளைச் சேர்த்தும் விடுத்தும் கிடைப்பவை, வெற்றிடத்தையும் எண்ணினால், 64 கட்டங்கள். எல்லா மொழிகளும் இந்த 64க்குள்தான் குடித்தனம் நடத்தியாக வேண்டும். 2-3-4-6 என்ற ஒரு கட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் அது 'த' என்று வரும் சுட்டுச்சொல். பிரெஞ்சில் இடமிருந்து வலமாக இறங்கும் கோடு போட்ட ஈ. ஸ்பானிய மொழியில் அதற்கு நேர்மாறாக, வலப்பக்கம் ஏறும் கோடு போட்ட ஈ. ஜெர்மனில் இரட்டை எஸ்ஸுக்கு நிகரான தனி எழுத்து. இந்தியில் தகர வரிசையின் நான்காம் எழுத்து. ஆங்கில அட்டவணையை மாற்ற மறந்துவிட்டுப் பிரெஞ்சில் அப்பாவைக் குறிக்கும் 'பேர்' என்ற சொல்லை எழுதினால், பி என்ற எழுத்துக்குப் பின்னால் 'அங்கே' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் ஒட்டிக்கொண்டு வரும். அப்பா காணாமல் போய்விடுவார்.

இப்படி ஆனதற்கு ஒரு வரலாறு உண்டு. லூயி பிரெயில் 1829இல் தம் முறையை வெளியிட்டபோது பிரெஞ்சுக்காகத்தான் அமைத்தார். அடிப்படை எழுத்துகள் போக மிஞ்சிய கட்டங்களைப் பிரெஞ்சின் மேற்குறி எழுத்துகளுக்குக் கொடுத்தார். டபிள்யூ அன்றைய பிரெஞ்சில் அநேகமாகத் தேவைப்படாத எழுத்து என்பதால் அது வரிசையின் கடைசியில் போய் நின்றது. இன்றைக்கும் ஆங்கில பிரெயில் கற்பவர்களுக்கு அந்த எழுத்து மட்டும் ஒழுங்குக்குள் வராமல் துருத்திக்கொண்டிருப்பது இதனால்தான். ஆங்கிலேயர்களுக்கு மேற்குறிகள் வேண்டியிருக்கவில்லை. காலியாகக் கிடந்த அந்தக் கட்டங்களில் தங்கள் மொழியில் அடிக்கடி வரும் சொற்களையும் எழுத்துச் சேர்க்கைகளையும் குடியேற்றினார்கள். இரண்டு வரிசைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் படையெடுப்புக்குப் பின்னான ஊர்ப் பெயர்ப் பட்டியல் போலவே இருக்கும்: பிரெஞ்சின் வால் போட்ட சி இருந்த இடத்தில் 'அண்ட்', கோடு போட்ட ஏ இருந்த இடத்தில் 'ஆஃப்', கோடு போட்ட யூ இருந்த இடத்தில் 'வித்'.

சுருக்க பிரெயில் இன்னொரு சிக்கலையும் கொண்டுவருகிறது. ஆங்கிலத்தில் தனித்து நிற்கும் ஒரே எழுத்தும் ஒரு சொல்லாகும். ஒய் தனியாக நின்றால் 'நீ' என்று பொருள்தரும் 'யூ'. ஸ்பானிய மொழியிலோ தனி ஒய் என்பது 'உம்' என்று இணைக்கும் சொல்; ஒரு பத்திக்குள் பத்து முறை வரும். 'ரொட்டியும் ஒயினும்' என்று ஸ்பானிய மொழியில் எழுதினால் கருவி 'ரொட்டி நீ ஒயின்' என்று எழுதி வைத்திருக்கும். ஏ, எல் இரண்டும் சேர்ந்தால் ஆங்கிலச் சுருக்கத்தில் 'ஆல்ஸோ'. இத்தாலியம், ஸ்பானியம் இரண்டிலும் அது வேறு வேலை செய்யும் சின்னஞ்சிறு சொல். இந்த மாற்றம் விசையை அழுத்தும்போதே நடப்பதில்லை. இடைவெளி விசை விழும்வரை கருவி பொறுத்திருந்து, சொல் முழுதானதும் ஒரே மூச்சில் விரித்துவிடுகிறது. விரல் அதற்குள் அடுத்த சொல்லுக்குப் போயிருக்கும். ஆகவே பிழை கண்ணில் படாமல், அதாவது விரலில் படாமல், நழுவிப் போகிறது.

இதற்கு முதல் மருந்து எளியது. அயல்மொழி எழுதும்போது ஆங்கிலச் சுருக்கத்தை அணைத்துவிட்டு அந்த மொழிக்குரிய சுருக்கமில்லா அட்டவணையை வைத்துக்கொள்வது. பல கருவிகளில் குரல், அட்டவணை இரண்டையும் ஒரு மொழித் தொகுப்பாகச் சேமித்து, இரண்டு மூன்று விசைகளில் மாறிக்கொள்ளலாம். ஒரே மொழியில் ஒரு பக்கம் முழுவதும் எழுதுகிறவருக்கு இது போதும். மொழி வகுப்பில் இருப்பவருக்குப் போதாது. அங்கே ஒரு வரியில் அயல்மொழிச் சொல், அடுத்த வரியில் அதன் பொருள் தாய்மொழியில், அடைப்புக்குறிக்குள் ஓர் இலக்கணக் குறிப்பு என்று மாறி மாறி வரும். வாக்கியத்துக்கு நான்கு முறை அட்டவணை மாற்றச் சொல்வது, சொல்லுக்குச் சொல் பேனா மாற்றச் சொல்வது போன்றது.

மேற்குறி எழுத்துகளை ஆங்கில பிரெயிலுக்குள்ளேயே எழுத வழி உண்டா என்றால், உண்டு. அந்த வழியின் கதை இந்தப் பிரச்சினையின் அடிவேரைக் காட்டுகிறது. அமெரிக்காவில் நெடுங்காலம் புழங்கிய பழைய ஆங்கில பிரெயிலில் மேற்குறி உள்ள எழுத்துக்கு முன்னால் 4ஆம் புள்ளியை மட்டும் போடுவார்கள். 'இதன் தலையில் ஏதோ ஒரு குறி இருக்கிறது' என்பதுதான் அதன் பொருள். ஏறும் கோடா, இறங்கும் கோடா, கூரைக் குறியா என்று அது சொல்லாது. ஆங்கில நாவலுக்குள் எங்கோ ஒரு முறை தலைகாட்டும் 'கஃபே'யைப் படிப்பவருக்கு அது போதும்; எந்தக் கோடு என்பது அவருக்கே தெரிந்திருக்கும், தெரியாவிட்டாலும் கதை நின்றுவிடாது. அதே 4ஆம் புள்ளியைக் கருவியில் அழுத்தினால்? எழுத்தைச் சேமிக்க வேண்டிய கருவிக்கு, ஏதோ ஒரு குறி என்ற தகவலை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

என் கணிப்பில் எல்லாத் தொல்லைக்கும் ஊற்று இதுதான். பிரெயில் வாசகருக்காக உருவானது. வாசகருக்கு மொழி தெரியும் என்ற நம்பிக்கையில் பாதியைச் சொல்லாமல் விட்டுவிடும். எழுத்திலிருந்து புள்ளிக்குப் போகும்போது எதையாவது விட்டுவிட்டால் மனிதர் இட்டு நிரப்பிக்கொள்வார். தட்டச்சு என்பது அதே பாதையில் எதிர்த்திசையில் நடப்பது. விடப்பட்டதை அங்கே கருவி இட்டு நிரப்ப வேண்டும். ஒரு மொழிப் புத்தகத்தைத் துல்லியமாகக் காட்டும் கருவி, அதே மொழியில் நாலு வரி எழுதும்போது தடுமாறுவது இதனால்தான்.

ஆங்கிலம் பேசும் நாடுகள் ஒன்றுகூடி உருவாக்கிய ஒருங்கிணைந்த ஆங்கில பிரெயில் 2004இல் அனைத்துலகத் தரமாக ஏற்கப்பட்டது. அமெரிக்காவில் 2016 ஜனவரி 4 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் ஒவ்வொரு மேற்குறிக்கும் இரண்டு கட்டங்கள் கொண்ட தனி முன்குறி உண்டு. ஏறும் கோட்டுக்கு 4-5, பிறகு 3-4. இறங்கும் கோட்டுக்கு 4-5, பிறகு 1-6. 'கஃபே' எழுத நான்குக்குப் பதில் ஆறு கட்டங்கள் வேண்டும்; ஆனால் கருவிக்கு ஊகம் செய்ய எதுவும் மிஞ்சவில்லை. ஆங்கிலக் கடிதத்துக்கு நடுவே ஒரு பிரெஞ்சுப் பெயரை எழுத இதைவிட நல்ல வழி இல்லை. ஒரு பக்கம் முழுக்கப் பிரெஞ்சு எழுதுகிறவருக்கு மட்டும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். மேற்குறி வரும்போதெல்லாம் இரண்டு கூடுதல் கட்டங்கள் என்றால் கையும் சலிக்கும், படிக்கும்போது 32 கட்ட வரியும் சீக்கிரமே நிறைந்துவிடும்.

லத்தீன் எழுத்துகளை விட்டு வெளியே வந்தால் விஷயம் இன்னும் சுவாரசியமாகிறது. கொரிய பிரெயிலை 1926இல் பாக் து-சொங் வெளியிட்டார். அதில் அசையின் முதலில் வரும் மெய்க்கு ஒரு கட்டம், கடைசியில் வரும் அதே மெய்க்கு வேறு கட்டம். முதலில் வரும் ககரம் 4ஆம் புள்ளி. இறுதியில் வரும் ககரம் 1ஆம் புள்ளி. எங்கே ஓர் அசை முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பது புள்ளிகளிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடுகிறது. எதிர்த்திசைப் பயணத்துக்கு இதைவிடத் தோதான அமைப்பைக் கணினி யுகத்தில் யோசித்துச் செய்திருந்தாலும் பெற்றிருக்க முடியுமா என்பது சந்தேகமே.

சீனம் நேர் எதிர். மாண்டரின் பிரெயில் ஒலியை எழுதுகிறது, சித்திர எழுத்தை அல்ல. சொல்லின் தொனியைக் காட்டக் குறிகள் உண்டு. ஆனால் இடத்தை மிச்சப்படுத்த, குழப்பம் வரும் இடங்களில் தவிர மற்ற இடங்களில் அவற்றை விட்டுவிடும் வழக்கம் நெடுநாளாக இருந்துவருகிறது. 'மாய்' என்ற ஒலி ஒரு தொனியில் வாங்குவது, இன்னொரு தொனியில் விற்பது. தொனிக்குறி இல்லாமல் எழுதினால் இரண்டும் ஒன்றே. படிப்பவர் சூழலை வைத்து வாங்கினாரா விற்றாரா என்று கண்டுகொள்வார். கருவியோ அதே ஒலியுள்ள சித்திர எழுத்துகளின் பட்டியலை நீட்டி, 'எது?' என்று கேட்கும்.

ஜப்பானிய மொழியிலும் இதே கேள்விதான், வேறு வடிவில். 1890இல் ஏற்கப்பட்ட ஜப்பானிய பிரெயில் கானா எனப்படும் அசை எழுத்துகளை மட்டும் குறிக்கிறது. சித்திர எழுத்துகளுக்கு அதில் இடமில்லை. பாலம், ஓரம், சாப்பிடும் குச்சி மூன்றும் 'ஹாஷி'. பார்வையுள்ளவருக்கு அனுப்பும் கடிதமென்றால் எந்தச் சித்திர எழுத்து என்று தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். அதற்காக ஜப்பானியத் திரைவாசிப்பிகள், அதாவது திரையில் இருப்பதை உரக்கப் படிக்கும் நிரல்கள், ஒவ்வொரு சித்திர எழுத்தையும் விளக்கிச் சொல்லும், நாம் தொலைபேசியில் 'ரம்பத்துக்கு வரும் ர' என்று சொல்வதைப் போல. எழுதுவதில் பாதி நேரம் இந்த விளக்கங்களைக் கேட்பதிலேயே போகும்.

தமிழுக்கு வருவோம், ஆங்கிலத்தை நினைத்துச் செய்த கருவிக்கு அதுவும் அயல்மொழிதானே. இந்திய மொழிகளுக்குப் பொதுவாக 1951இல் வகுக்கப்பட்ட பாரதி பிரெயிலில் எழுத்துகள் ஒலிக்கும் வரிசையிலேயே அமைகின்றன. கொம்பு முன்னால், கால் பின்னால் என்ற அச்சின் கூத்தெல்லாம் கிடையாது. ஆனால் ஒரு திருப்பம் உண்டு: மெய்யெழுத்தின் புள்ளி, எழுத்துக்கு முன்னால் வரும். 'அம்மா' என்று எழுத, அகரத்துக்கு 1, பிறகு மெய்யைக் காட்டும் 4, மகரத்துக்கு 1-3-4, மறுபடி 1-3-4, கடைசியில் ஆகாரத்துக்கு 3-4-5. மொத்தம் ஐந்து கட்டங்கள். கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் பொதுக் குறியீடான யூனிகோடிலும் 'அம்மா' ஐந்து குறிகளே. ஆனால் அங்கே மகரம் முதலில், புள்ளி அதற்குப் பின்னால். 4ஆம் புள்ளி வந்தவுடன் கருவி அவசரப்பட்டுப் புள்ளியை எழுதிவிட்டால் அது அகரத்தின் தலையில் போய் உட்காரும். அடுத்த கட்டம் வரும்வரை காத்திருந்து, இரண்டையும் இடம் மாற்றி எழுத அதற்குச் சொல்லித்தந்திருக்க வேண்டும். ஜப்பானியத்திலும் ககரத்தைக் குழைக்கும் குறி அச்சில் பின்னால், பிரெயிலில் முன்னால்.

3-4-5-6 என்ற கட்டம் இன்னும் நுட்பமானது. உலகின் பெரும்பாலான பிரெயில்களில் அடுத்து வருவது எண் என்று அறிவிக்கும் குறி அது. பாரதி பிரெயிலில் அதுவே ணகரமும்கூட. தமிழ் வாசகருக்கு இதில் குழப்பமே வராது. சொல் ணகரத்தில் தொடங்காது என்பது அவருக்கு மூச்சு விடுவது போலத் தெரியும். அந்த இலக்கணத்தை அட்டவணையில் யாராவது எழுதி வைத்தால்தான் கருவிக்கும் தெரியும்.

யார் எழுதி வைப்பது? சில நிறுவனங்கள் தங்களுக்கென்று மூடிய நிரல்களை வைத்திருக்கின்றன. இன்னொரு பக்கம் லூயி பிரெயிலின் பெயரையே தாங்கிய 'லிப்லூயி' என்ற திறமூல நிரல் இருக்கிறது. கணினியில் என்விடிஏ திரைவாசிப்பியும், ஆண்ட்ராய்டில் டாக்பேக்கும் அதைப் பயன்படுத்துகின்றன. அதன் அட்டவணைகள் வெறும் எழுத்துக் கோப்புகள். வரிக்கு ஒரு விதி: இந்த எழுத்து, இந்தப் புள்ளிகள். மொழி தெரிந்தவர் எவரும் திறந்து பார்க்கலாம், பிழையிருந்தால் திருத்தி அனுப்பலாம். அங்கே சில வரிகளின் முன்னால் 'நோபேக்' என்று ஒரு சொல் நிற்கும். 'எழுத்திலிருந்து புள்ளிக்குப் போகும்போது மட்டும் இந்த விதியைப் பார், திரும்பி வரும்போது பார்க்காதே' என்று அதற்குப் பொருள். போகும் வழியும் வரும் வழியும் ஒன்றல்ல என்பதை நிரல் எழுதியவர்களே ஒப்புக்கொண்ட இடம் அது.

புள்ளிகள் சரி, கோப்பு தவறு என்ற வகைப் பிழையும் உண்டு. எல்லாவற்றிலும் ஏமாற்றக்கூடியது இதுவே. ரஷ்ய மொழியில் அம்மாவை 'மாமா' என்பார்கள். ரஷ்ய எழுத்துகளுக்குப் பிரெயில் அமைத்தபோது ஒலி ஒத்துப்போன இடங்களில் லத்தீன் எழுத்தின் கட்டத்தையே கொடுத்துவிட்டார்கள். ஆகவே ரஷ்யச் சொல்லுக்கும் ஆங்கிலத்தில் அம்மாவை அழைக்கும் அதே சொல்லுக்கும் புள்ளிகள் ஒன்றே: 1-3-4, 1, 1-3-4, 1. ஆங்கில அட்டவணையில் இருந்தபடி ரஷ்யக் குறிப்பெடுத்தால் விரலுக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். தானே திரும்பப் படிக்கும்போதும் சரியாக இருக்கும். ரஷ்ய அகராதியில் அந்தச் சொல்லைத் தேடினால்தான் 'இல்லை' என்று பதில் வரும். கோப்பில் இருப்பது லத்தீன் எழுத்துகள்.

மாற்றமே வேண்டாம், புள்ளிகளை அப்படியே சேமித்துக்கொள்வோம் என்று பலர் செய்வதுண்டு. தனக்கு மட்டுமான குறிப்புக்கு இதுவே நிம்மதியான வழி என்பேன். ஒரே வரியில் மூன்று மொழி வந்தாலும் கருவி மூக்கை நுழைக்காது. ஆனால் அந்தக் கோப்பு வழக்கமாக 64 கட்டங்களுக்கும் ஓர் ஆங்கில விசைக்குறியைக் கொடுக்கும் பழைய ஏற்பாட்டில் சேமிக்கப்படுகிறது. கோடைக்காலத்துக்கான பிரெஞ்சுச் சொல்லை எழுதிய கோப்பைப் பார்வையுள்ள ஆசிரியர் கணினியில் திறந்தால், அவருக்குத் தெரிவது ஒரு சமக்குறி, நடுவில் டி, இன்னொரு சமக்குறி. யூனிகோடில் 1999இலிருந்து, ஆறோடு இரண்டு புள்ளி கூட்டிய எட்டுப் புள்ளி பிரெயிலின் 256 கட்டங்களுக்கும் தனி இடம் உண்டு. அதில் சேமித்தால் குறைந்தபட்சம் புள்ளிகள் புள்ளிகளாகவே தெரியும். அப்போதும் அவற்றை வாசிக்க பிரெயில் தெரிந்திருக்க வேண்டும். குரல் வழியும் அடைபட்டது. எந்த மொழி என்று தெரியாத புள்ளிகளை எந்தக் குரலாலும் படிக்க இயலாது.

கருவியைத் தொலைபேசியோடோ கணினியோடோ இணைத்து எழுதுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அப்படி இணைத்ததும் கருவி வெறும் விசைப்பலகையாகவும் பிரெயில் வரியாகவும் இறங்கிவிடுகிறது. அது அனுப்புவது எந்தப் புள்ளிகள் அழுத்தப்பட்டன என்பதை மட்டுமே. எழுத்தாக்குவது அந்தப் பக்கத்து அட்டவணை. கருவிக்குள் பார்த்துப் பார்த்து அமைத்த பிரெஞ்சுத் தொகுப்பு அங்கே செல்லாது. தொலைபேசியின் அமைப்புகளுக்குள் போய்த் தனியாக ஒருமுறை அமைக்க வேண்டும்.

ஆகவே ஒரு கருவியை வாங்கும் முன் அதன் மொழிப் பட்டியலை மட்டும் படித்துவிட்டு முடிவு செய்ய வேண்டாம். பட்டியலில் இருக்கும் மொழிக்குப் படிக்கும் அட்டவணை இருப்பது அநேகமாக உறுதி. எழுதும் அட்டவணை எப்படி என்பதை அழுத்திப் பார்த்தே அறிய வேண்டும். அந்த மொழியின் மேற்குறிகள் அனைத்தும் வரும்படி இரண்டு வரி எழுதுங்கள். நடுவில் ஓர் எண்ணையும் ஒரு தாய்மொழிச் சொல்லையும் வையுங்கள். பிரெயில் கோப்பாக இல்லாமல் சாதாரண எழுத்துக் கோப்பாகச் சேமித்து, பிரெயில் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, கணினியில் திறந்து எழுத்து எழுத்தாகப் படிக்கச் சொல்லுங்கள்.